பத்தரைக்குப் பொங்கவேண்டிய பால்

அவளுடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பித் திட்டுவாள். அவள் அனுப்பும் குரல் பதிவுகள் ஒரு சீரியல் நீளத்துக்குப் போகும். பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவள் ‘பாலோ’தான். குளுவாங் பக்கத்தில் செம்பனைக் காடுகளுக்கு நடுவில் பாலோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கிருந்து வந்தவள். முதல் நாள் அறிமுகத்தில் ஒரு சீனியர் அக்கா, “பாலோவா? அது எங்கம்மா இருக்கு?” என்று கேட்டதற்கு, “குளுவாங்குக்குப் போயி யாரையாச்சும் கேளுங்கக்கா, சொல்லுவாங்க” என்று பதில் சொன்னாள். வழி தெரியாமல் இல்லை. குளுவாங்குக்கே போய்ச் சேராத ஆளிடம் அதற்கடுத்த திருப்பத்தைச் சொல்லி என்ன பயன் என்பது அவள் கட்சி.

அந்த ஒரு பதிலிலேயே அவள் முழுவதும் அடக்கம். அடுத்த அடியைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டாள். நான் அதற்கு நேர் எதிர். கூலாயில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மறுநாளைக்குப் போடவேண்டிய காலுறையைச் செருப்பு ஸ்டாண்டில் எடுத்து வைத்துவிட்டுத் தூங்கின ரகம். எங்கள் இரண்டு பேரையும் ஸ்கூடாயில் ஒரே வாடகை வீட்டில், ஒரே அறையில் கொண்டுவந்து போட்டது விதி. விதிக்கும் பொழுது போகவேண்டும் அல்லவா.

அவளிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவள் அப்பா ஓட்டிச் சலித்துப்போய்க் கொடுத்தது. ஒருமுறை கூலாயில் என் அத்தை மகளுக்குக் கல்யாணம். ஊர் என் ஊர். ஆனால் மண்டபம் புதிது. நான் முதல் நாளே பாதையைப் பார்த்து எங்கெங்கே திரும்பவேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

“ஃபோன உள்ள வைடி. அடுத்த ஜங்ஷன் வரட்டும், அப்ப பாத்துக்கலாம்” என்றாள்.

அடுத்த சந்திப்பு வந்தது. பார்த்தாள், திரும்பினாள். அதற்கடுத்தது வந்தது. அதையும் பார்த்தாள். ஒவ்வொரு திருப்பமும் அந்தந்த நேரத்தில் நியாயமாகத்தான் தெரிந்தது. முடிவில் வடக்கே இருக்கும் கூலாய்க்குக் கிளம்பிய நாங்கள், தெற்கே கெலாங் பாத்தாவையும் தாண்டி, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தின் குடிநுழைவுச் சாவடியில் பட்டுச்சேலையோடு போய் நின்றோம். கையில் கடப்பிதழ் இல்லை. மொய்க் கவர் மட்டும் இருந்தது.

சாவடியில் இருந்த மலாய்க்கார அதிகாரி எங்களையும் எங்கள் தலையிலிருந்த மல்லிகையையும் மாறி மாறிப் பார்த்தார். பாலோ கண்ணாடியை இறக்கி, “எஞ்சேக், இங்கிருந்து அடுத்து எங்கே திரும்பலாம்?” என்று மலாயில் கேட்டாள். வழி தவறி வருகிறவர்களுக்கென்றே அங்கே ஒரு திருப்பம் இருக்கிறதாம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினார்.

“பாத்தியா? வழி இருக்குல்ல” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கிளம்பிவிட்டார்கள். அத்தை என்னை முறைத்த முறைப்பு இன்னும் என் முதுகில் இருக்கிறது. பாயசம் மட்டும் மிச்சமிருந்தது. பாலோ இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, நல்ல கல்யாணம் என்றாள்.

சமையலும் இதே லட்சணம்தான். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீராகிவிட்டது என்றால் இன்னும் கொஞ்சம் பருப்பை வேகவைத்துக் கொட்டுவாள். பருப்பு கூடினால் புளி போதாது, புளி கூடினால் உப்பு போதாது. எந்த இடத்திலும் அவள் செய்ததைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் நான்கு பேருக்கென்று அடுப்பேறிய சாம்பார் இறங்கும்போது ஒரு சின்ன விசேஷத்துக்கு ஆகும். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சட்டியோடு வேலி ஓரம் வந்து நிற்கப் பழகிக்கொண்டார். அவருக்குச் சாம்பார் பிடிக்குமா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

இவளை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினாய் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒருவன் என்னை விட்டுவிட்டுப் போனான். எந்த வருடம் நிச்சயதார்த்தம், எந்த வருடம் வீடு என்பதுவரை நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அவனுக்கு அந்தத் திட்டமே தெரியாது என்பது வேறு விஷயம். வாட்சாப்பில் நான்கு வரி எழுதிவிட்டுப் போய்விட்டான். நான் கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. பாலோ வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள்.

“இப்ப எங்க இருக்கோம்?”

“என்னாடி கேள்வி இது?”

“எங்க இருக்கோம்னு கேட்டன்.”

“கட்டில்ல.”

“சரி. எந்திரிச்சி ஒக்காரு.”

உட்கார்ந்தேன்.

“இப்ப எங்க இருக்கோம்?”

“கட்டில்லதான்டி. ஒக்காந்திருக்கன்.”

“சரி. செருப்ப மாட்டு.”

“எங்க போறோம்?”

“அத ஏன் இப்ப கேக்குற? செருப்ப மாட்டுலா.”

இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாமல், ரொட்டி சானாய்க் கடையில் என் முன்னால் ஒரு தட்டும் அதில் மீன் குழம்பும் இருந்தன. சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனால் இரண்டாவது ரொட்டியும் கேட்டேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அன்றிலிருந்து பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டால் மீதியைக் கேலியாகச் சொல்ல எனக்கு உரிமை வந்துவிடும்.

எங்கள் இயற்பியல் படிப்பில் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் என்று ஒரு பாடம். உலகத்தில் முக்கால்வாசி இயற்பியல் கணக்குக்கு ஒரே வரியில் விடை வராது. ஆகவே கணக்கை அடி அடியாக நடத்திக்கொண்டு போகவேண்டும். இப்போது ஒரு பொருள் எவ்வளவு சூடு, எந்த வேகத்தில் சூடேறுகிறது என்று தெரிந்தால், ஒரு நிமிடம் கழித்து எவ்வளவு சூடாக இருக்கும் என்று கூட்டிப் பார்க்கலாம். அங்கே போய் நின்றுகொண்டு, அங்கிருந்து இன்னொரு நிமிடம். அப்படியே போய்க்கொண்டே இருந்தால் விடைக்குப் பக்கத்தில் போய்ச் சேரலாம்.

கேட்டவுடன் என்ன தோன்றுகிறது? பாலோவுக்காகவே தைத்து வைத்த சட்டை மாதிரி இருக்கிறது அல்லவா? அந்தப் பாடத்தில்தான் அவள் இரண்டு முறை ஃபெயில்.

பாடம் நடத்திய டாக்டர் பத்து பஹாட்டைச் சேர்ந்த சீனப் பெண்மணி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன ஒருத்தியும் பிற்பாடு அது கொட்டாவி என்று திருத்திக்கொண்டாள். முதல் முறை பரீட்சையில், ஒரு கோப்பைக் காப்பி அறையில் எப்படி ஆறும் என்று கணக்கிடச் சொல்லியிருந்தார். சின்னச் சின்ன அடியாக வைத்துப் போகவேண்டிய கணக்கு. பாலோவுக்குப் பொறுமை ஏது? ஒரே அடியில் அரைமணி நேரத்தைத் தாண்டினாள். கொதிக்கக் கொதிக்க இருந்தபோது எந்த வேகத்தில் ஆறியதோ, அதே வேகத்தில் அரைமணி நேரமும் ஆறியதாகக் கணக்கு போனதால் காப்பி பனிக்கட்டியாகிவிட்டது. விடை தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. ஆகவே கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘அறையில் ஏர்-கோன் கொஞ்சம் அதிகம்.’

இரண்டாம் முறை ஊஞ்சல். அவள் பிடித்த முறையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். அது அந்த முறையில் உள்ள பிழை. அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் கேள்வியே. இவள் ஊஞ்சல் மேலே மேலே போய், கம்பத்தைச் சுற்றி ஒரு முழு வட்டமும் அடித்துவிட்டது. பாலோ எழுதினாள்: ‘இதற்குமேல் போனால் பிள்ளை விழுந்துவிடும். ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.’

டாக்டர் அந்த விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு பெரிய முட்டை மட்டும் போட்டிருந்தார்.

மூன்றாவது முறைதான் கடைசி. இந்த முறை பரீட்சைக்குப் பதில் ஒரு செயல்திட்டம் செய்து காட்டவேண்டும். அதிலும் தோற்றால் பட்டம் கிடையாது, மூட்டையைக் கட்டவேண்டியதுதான். பாலோவின் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். மகள் விஞ்ஞானி ஆகிவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அங்கே யார் வீட்டிலாவது டிவி கெட்டுப்போனால்கூட, ‘பாப்பா லீவுக்கு வரட்டும்’ என்று தொடாமல் வைத்திருந்தார்கள். அந்த ஊருக்கு வெறுங்கையோடு திரும்பவேண்டும்.

“இதுக்கப்புறம் அடுத்த அடி எதுன்னு எனக்குத் தெரியலடி” என்று ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. பயந்துபோனேன்.

அந்த நேரத்தில்தான் இந்திய மாணவர் சங்கத் தலைவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். நான்காம் ஆண்டு எஞ்சினியரிங். படிக்கும்போதே ஜிப்பா போட்டுக்கொண்டு, தெரு நாயைக் கண்டாலும் கைகூப்புகிற ஆள். அவருக்கு ஒரே கவலை, பொங்கல் விழா. வளாகத்தில் ஒவ்வொரு வருடமும் பெரிய மண்பானை வைத்துப் பொங்குவோம். டத்தோ பட்டம் வாங்கிய டீன் சிறப்பு விருந்தினராக வருவார். பால் பொங்கும்போது அவர் பக்கத்தில் நின்று குரல் கொடுக்கவேண்டும், அதைப் படம் எடுக்கவேண்டும். போன வருடம் டீன் வருவதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. அவர் சாம்பலோடு படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்கு முந்தின வருடம் பொங்கவே இல்லை. அவர் காத்திருந்து காத்திருந்து வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

“டத்தோ பத்தரைக்கு வராரு தங்கச்சி. பத்தரைக்குப் பால் பொங்கணும். யார்கிட்ட போயி சொல்றது?” என்றார் தலைவர்.

பாலோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என்கிட்ட சொல்லுங்க அண்ணே.”

மறுநாளே டாக்டரிடம் போய் நின்றாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மற்ற மாணவர்கள் எல்லாம் துணைக்கோள், நட்சத்திரம் என்று செயல்திட்டத்துக்குத் தலைப்பு எடுத்திருந்தார்கள். இவள் ஒரு பானைப் பாலைச் சொன்னாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மலாயில் சொன்னார்: சரி, செய். ஆனால் நானே நேரில் வருவேன். நீ சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு வெளியே போனால் காப்பிக்கும் ஊஞ்சலுக்கும் என்ன கிடைத்ததோ அதுதான் பாலுக்கும்.

வீட்டுக்குப் பின்னால், லோரோங் என்கிற குறுகிய சந்தில் செங்கல் வைத்து ஒத்திகை தொடங்கியது. தீ ஒரே சீராக எரிந்தால்தான் கணக்குப் போடமுடியும் என்று அவள் அப்பா ரப்பர் மரத்துக் கித்தா விறகை ஒரே அளவாக வெட்டி, லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஒரு கட்டை எரிந்து முடியும்போது அடுத்ததை வைக்கவேண்டும். காற்றுக்குத் தகரம். நான் வெப்பமானியைப் பானைக்குள் விட்டுப் பார்த்து எண்ணைக் கத்தவேண்டும். அவள் கணினியில் அடித்துக்கொள்வாள். முதல் பானை, அவள் ஃபோன் எடுக்க உள்ளே போன நேரத்தில் பொங்கிவிட்டது. இரண்டாவது பானையில் மழை பெய்தது. மூன்றாவது பானையில் வெப்பமானி விழுந்து, அதை எடுக்கப் போய் என் வளையலும் விழுந்தது.

ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் அந்தப் பால் வீணாகக்கூடாது என்று சர்க்கரைப் பொங்கல் செய்வாள். காலையில் பொங்கல், மாலையில் பொங்கல். என் தலைமுடியில் கூட ஏலக்காய் வாசம் அடித்தது. லோரோங் பூனைகள் பால் வாசம் வந்தாலே ஓட ஆரம்பித்தன. சீன அங்கிள் மட்டும் சட்டியை மாற்றவில்லை, அதே சட்டியில் பொங்கலையும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பாலோ மாறிக்கொண்டு வந்தாள். அரைமணி நேரத்தை ஒரே எட்டில் தாண்டினவள், நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று பார்க்கப் பழகினாள். அடுப்பு தருகிற சூடு இவ்வளவு, காற்று கொண்டுபோகிற சூடு இவ்வளவு, மிஞ்சுவது பாலுக்கு என்று கூட்டிக் கழித்து, ஒருநாள் அவள் சொன்ன நேரத்தில் பால் தளதளவென்று எழும்பியது. நாங்கள் இரண்டு பேரும் லோரோங்கில் நின்று கத்திய கத்தலில் எதிர் வீட்டு அலாரம் அடித்தது.

விழா நாள் வந்தது. திடலில் பந்தல், கரும்பு, மாவிலை, பெரிய கோலம். டாக்டர் கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, பஞ்சாபி சூட்டில் வந்து அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாலோவின் அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, கட்டை வெட்டினவர் என்ற உரிமையில் முன்வரிசையில் இருந்தார். பாலோ பட்டுச்சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பத்தரை என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதி டாக்டரிடம் கொடுத்துவிட்டு, அடுப்பை மூட்டினாள்.

எல்லாம் கணக்குப்படி போனது. நான் எண்ணைக் கத்தினேன், அவள் தலையாட்டினாள். பத்து இருபத்தைந்துக்குப் பாலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி கட்ட ஆரம்பித்தது. எனக்கு இவள் பாஸாகப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் தலைவர் ஜிப்பா பறக்க ஓடிவந்தார். ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் ஒரு சொம்பு தண்ணீர்.

“டத்தோ ஜாம்ல மாட்டிக்கிட்டாரு! இன்னும் இருவது நிமிசமாவுமாம். தண்ணி தெளி, தண்ணி தெளி!”

நான் குறுக்கே போய் நின்றேன். “அண்ணே, பைத்தியமா ஒங்களுக்கு? தெளிச்சா கணக்கு போச்சு!”

“டத்தோ வரதுக்குள்ள பொங்கிடுச்சின்னா அடுத்த வருசம் பொங்கலே இல்லம்மா! போன வருசமே அவர் மூஞ்சி சரியில்ல. பெர்மிட்டுக்குக் கையெழுத்து அவர்தான் போடணும்.”

“பத்தரைக்குப் பொங்கலன்னா எனக்கு அடுத்த வருசமே இல்ல அண்ணே” என்றாள் பாலோ. கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

தலைவர் சொம்போடு அப்படியே நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பொல்லாத மனிதர் இல்லை. பந்தலுக்குத் துணி கேட்டு, கரும்புக்கு லாரி கேட்டு, ஒரு மாதமாக அலைந்தவர். டாக்டர் எங்களைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். அப்பா எதுவும் புரியாமல், “என்னாம்மா, கட்ட பத்தலையா?” என்று கேட்டார். பால் மெல்ல மேலே வர ஆரம்பித்தது. எனக்கு அந்தத் தலைவரைப் பிடித்து அடுப்பில் தள்ளலாம் போல இருந்தது.

பாலோ பானையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு அசைந்தது. அவள் என்ன கேட்டுக்கொள்கிறாள் என்று எனக்குக் கேட்காமலே தெரியும்: அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் நின்று என்னிடம் கேட்ட அதே கேள்விதான்.

சட்டென்று தலைவர் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி, தண்ணீரைப் பாலில் ஊற்றினாள். எழுந்த பால் ‘புஸ்’ என்று உள்ளே போய்விட்டது. குனிந்து, எரிகிற கட்டைகளில் பாதியை வெளியே உருவிப் போட்டாள். ‘ஐயோ’ என்று நான் கத்தியது ஒலிபெருக்கியிலும் கேட்டதாம்.

“சூடு எவ்ளோ? பாத்துச் சொல்லுடி!” என்று என்னை அதட்டினாள். பார்த்துச் சொன்னேன். அவள் டாக்டர் முன்னால் போய் நின்று மலாயில் சொன்னாள்: “டாக்டர், தொடக்க நிலை மாறிவிட்டது. இங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். புது நேரம் சொல்கிறேன். ஏற்றுக்கொள்வீர்களா?”

டாக்டர் மடியிலிருந்த அட்டையைக் கையில் எடுத்தார். “முதலில் கணக்கைக் காட்டு” என்றார்.

கணினி தூரத்தில் மேடையருகே இருந்தது. கையில் தாளும் இல்லை. பாலோ கோலமாவுக் கிண்ணத்தை எடுத்தாள். பெரிய கோலத்துக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் குந்தி, மாவைக் கிள்ளிக் கிள்ளி எண்களை எழுத ஆரம்பித்தாள். பால் இவ்வளவு, தண்ணீர் சேர்ந்தது இவ்வளவு, கட்டை பாதி. ஒரு நிமிடம், அடுத்த நிமிடம், அதற்கடுத்த நிமிடம். வரிசை வரிசையாக மாவு எண்கள் பந்தல்கால் வரைக்கும் போயின. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, எண்களை மிதிக்காமல் சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் பின்னாலேயே குனிந்து படித்துக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் விரலால் தட்டினார். பாலோ அழித்துத் திருத்தினாள்.

கடைசி எண்ணை எழுதிவிட்டு எழுந்து, “பத்து ஐம்பது” என்றாள். டாக்டர் அந்த அட்டையில் பத்தரையை அடித்துவிட்டுப் புது நேரத்தைத் தன் கையாலேயே எழுதினார்.

இனித்தான் கூத்து. இருபது நிமிடம் ஆகும் என்ற டீன், ஜாம் கலைந்துபோய்ச் சீக்கிரமே வந்துவிட்டார். மாலை போட்டோம், சந்தனம் கொடுத்தோம், பன்னீர் தெளித்தோம். கீழே இருந்த மாவு எண்களைப் பார்த்து, இந்த வருடக் கோலம் புதுமாதிரி இருக்கிறது, ரொம்ப அழகு என்று சொல்லி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு பானையருகே வந்து நின்றார். பால் அசையவில்லை.

தலைவர் பதறிப்போய் வெளியே கிடந்த கட்டைகளை அள்ளினார்.

“அண்ணே, அதுல ஒன்னு உள்ள போச்சின்னா, அடுத்தது நீங்கதான்” என்றாள் பாலோ.

கட்டையைக் கீழே போட்டுவிட்டார். பாலோ டீன் பக்கம் திரும்பி, கைகூப்பி, “டத்தோ, லாகி லீமா மினிட்” என்றாள். இன்னும் ஐந்து நிமிடம். ஒரு மாணவி தனக்கு நேரம் சொன்னதில் டீன் கொஞ்சம் திகைத்தார். ஆனால் டாக்டர் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, இது ஏதோ முக்கியமான விஷயம் என்று நினைத்து, அவரும் கைகட்டிக்கொண்டு பானையைப் பார்க்க ஆரம்பித்தார். திடலில் இருந்த கூட்டமெல்லாம் ஒரு பானையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மைக்கில் பாட்டுப் போட்டவன்கூடப் பாட்டை நிறுத்திவிட்டான்.

பத்து ஐம்பது ஆனது. பால் பொங்கவில்லை.

பாலோவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் அப்பா வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். மகளுக்கு என்ன ஆகப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. ஒரு நிமிடம் போயிற்று. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று முணுமுணுத்தார். நானும் சேர்ந்துகொண்டேன். பாலின் மேலே படிந்த ஆடை ஒரு பக்கம் லேசாக உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது. அப்புறம் ஒரே மூச்சில் வெள்ளையாகத் திரண்டு எழுந்து, பானையின் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் கொத்தை நனைத்து, நெருப்பில் வழிந்தது.

“பொங்கலோ பொங்கல்!”

திடல் அதிர ஒரு குரல் கேட்டது. எங்களில் யாரும் இல்லை. டாக்டர். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, ஸ்டாப்வாட்ச் கழுத்தில் ஆட, பத்து பஹாட்டுத் தமிழில் கத்திவிட்டார். கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை இறக்கி, கண்ணாடியைச் சரிசெய்து, கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடத்துக்குச் சில விநாடி பாக்கி இருந்தது.

“லூலுஸ்” என்றார். பாஸ் என்று அர்த்தம்.

பாலோ நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டுச்சேலையோடு, வழிந்த பாலும் சாம்பலும் கலந்த சேற்றில். உட்கார்ந்து ‘ஓ’ என்று வாய்விட்டு அழுதாள். ‘பாப்பா, பாப்பா’ என்று அவள் அப்பா ஓடிவந்து பக்கத்தில் குந்தி, அவரும் அழ ஆரம்பித்தார். நான் அவளைத் தூக்கப் போனவள், தூக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். குலவையிட வந்திருந்த பெண்கள் நாங்கள் அழுவதைப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டீன் பதறிப்போனார். தலைவரின் காதருகே குனிந்து, பால் பொங்கியதும் இப்படி எல்லோரும் அழுவதும் வழக்கத்தில் சேர்ந்ததா என்று மலாயில் கேட்டார்.

தலைவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “ஆமாம் டத்தோ. ரொம்பப் பழைய வழக்கம்” என்றார்.

டீன் மரியாதையோடு தலையசைத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அவரும் கண்களை ஒற்றிக்கொண்டார்.